மரபுக் குழுவில் யாருக்கு நாற்காலி: அதிகாரிக்கா, வல்லுநருக்கா, உள்ளூர்க்காரருக்கா?

பழைய கட்டடங்களைக் காக்க அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவை மாற்றி அமைக்கலாம் என்று பேச்சு வந்தால், மூன்று யோசனைகள்தான் மோதிக்கொள்ளும். தமிழ்நாட்டில் இப்படி ஓர் ஆணையத்துக்கு 2012-லேயே சட்டம் போட்டாயிற்று. 2021-ல் உயர் நீதிமன்றம் 17 பேர் கொண்ட ஆணையம் வேண்டும் என்றது. எண்ணிக்கை சரி, யார் அந்த 17 பேர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நெல்லைச் சீமையை வைத்தே பார்ப்போம்.

முதல் யோசனை, துறை அதிகாரிகளைப் பதவி வழியில் உட்கார வைப்பது. இதற்கு வலுவான காரணம் உண்டு. நெல்லையப்பர் கோயில் அறநிலையத் துறையிடம், ஆதிச்சநல்லூர் மத்திய தொல்லியல் துறையிடம், சிவகளை அகழாய்வு மாநிலத் தொல்லியல் துறையிடம். பாளையங்கோட்டைக் கோட்டையின் மிச்சத்தில் இருந்த காவல் நிலையம் 'மேடை போலீஸ் ஸ்டேஷன்' என்றே பெயர் வாங்கிவிட்டது. இவர்கள் எல்லாரும் ஒரே மேசைக்கு வராமல் எந்தக் கோப்பும் நகராது. ஆனால் 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தை ஒட்டி ஒரு வேலை வருகிறது என்று வையுங்கள். தன் துறை போட்ட திட்டத்தைத் தானே தப்பென்று எந்த அதிகாரி எழுதுவார்? போதாக்குறைக்கு, விஷயம் பிடிபடும் நேரத்தில் மாற்றல் உத்தரவு வந்துவிடும்.

இரண்டாவது, வல்லுநர்கள். கல்வெட்டு படிப்பவர், ஸ்தபதி, சுண்ணாம்புக் காரை தெரிந்த பொறியாளர். கும்பாபிஷேகத் திருப்பணி என்று மணலைப் பீய்ச்சிக் கல்லைப் 'பளிச்'சாக்கினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும் என்று முதலில் கத்துபவர் இவர்தான். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்ந்த பழைய காரைமேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும் என்பதும் இவருக்குத் தெரியும். குறை என்னவென்றால், பெரும்பாலும் சென்னையில் இருப்பார். தாமிரபரணி தை மாதத்தில் எப்படி, ஐப்பசியில் எப்படி என்பது அறிக்கையில் வராது.

அதற்குத்தான் மூன்றாவது ஆள், உள்ளூர்க்காரர். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் மோதும் பக்கத்தைப் படகு முனைபோலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் அங்கேயே இருப்பார். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் கோயில் முங்கி எழுந்தது. வெளியூர்ப் பொறியாளர் வந்தால் 'பாதுகாப்புக்கு ஒரு சுவர் எழுப்பலாமே' என்பார். வேண்டாம், தண்ணீருக்கு வழி விடுங்கள் என்று சொல்ல ஊர்க்காரர் ஒருவர் வேண்டும்.

சரி, அந்த ஊர்க்காரரை யார் தேர்ந்தெடுப்பது? நம் பக்கம் 'பொதுமக்கள் பிரதிநிதி' என்றாலே ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் சால்வையோடு வந்து நிற்பார். இங்கேதான் அமெரிக்காவின் அனுபவம் உதவும். அங்கே 1966 சட்டத்தில் பிறந்த வரலாற்றுப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் துறைச் செயலர்கள் உண்டு, நான்கு வல்லுநர்கள் உண்டு, ஒரு மேயரும் உண்டு. பழங்குடியினருக்கு அதிபர் நியமிக்கும் ஓர் இடமும் இருந்தது. 2016-ல் அதோடு இன்னொன்றைச் சேர்த்தார்கள்: பழங்குடி மரபுப் பாதுகாப்பு அலுவலர்கள் சங்கத்தின் தலைவர் எவரோ அவரே உறுப்பினர், ஓட்டுரிமையோடு. அதிபருக்குப் பிடித்தவரா என்ற கேள்வியே இல்லை. (அந்தக் குழுவின் கருத்தும் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் பழைய இடத்தைத் தொடும் மத்திய அரசு வேலை எதுவானாலும் அதன் கருத்துக்கு முதலில் இடம் கொடுத்தாக வேண்டும்.)

என் ஓட்டு வல்லுநர்களுக்குப் பாதி இடம். அதிகாரிகள் வரட்டும், தகவல் சொல்லட்டும், தங்கள் துறைத் திட்டம் பேசப்படும்போது மட்டும் ஓட்டுப் போட வேண்டாம். உள்ளூர் இடங்களை ஆள் பெயரில் எழுதாமல் பொறுப்பின் பெயரில் எழுத வேண்டும்: கோயிலில் பரம்பரையாகத் திருப்பணி செய்பவர்கள், படித்துறை ஊர்களின் விவசாயச் சங்கம், கல்லூரி வரலாற்றுத் துறைத் தலைவர். அப்புறம், ஆட்சி மாறியதும் எல்லாரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பாதபடி, பதவிக்காலத்தைப் பாதிப் பேருக்கு ஓர் ஆண்டிலும் மீதிப் பேருக்கு வேறோர் ஆண்டிலும் முடியும்படி விதியிலேயே போட்டுவிட வேண்டும்.