உயரம் பார்க்காத வாசல்: டிஸ்னி அனிமல் கிங்டத்தின் பூச்சிக் காட்சி பற்றி ஒரு மதிப்பீடு

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ நகருக்கு அருகே இருக்கும் டிஸ்னி அனிமல் கிங்டம் பூங்காவின் நடுவில், 145 அடி உயரத்தில், முந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குருவங்கள் செதுக்கப்பட்ட அடிமரத்தோடு 'ட்ரீ ஆஃப் லைஃப்' என்ற செயற்கை மரம் நிற்கிறது. அதன் வேர்களுக்கு உள்ளே ஓர் அரங்கம் உண்டு. பூங்கா திறக்கப்பட்ட 1998 ஏப்ரல் 22 முதல் 2025 மார்ச் வரை, ஏறத்தாழ 27 ஆண்டுகள், அந்த அரங்கில் 'இட்ஸ் டஃப் டு பி எ பக்' (பூச்சியாக இருப்பது கடினம்) என்னும் 4டி காட்சி நடந்துவந்தது. இப்போது அதே அரங்கில் 'ஜூடோபியா' திரைப்படத்தின் கதைமாந்தர்கள் வரும் புதிய காட்சி நடக்கிறது. நிறுத்தப்பட்டுவிட்ட ஒன்றை இன்று மதிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. சிறு குழந்தைகளை அழவைத்த காட்சி என்று பெற்றோர்களிடையே இந்த அளவுக்குப் பெயர் எடுத்த கேளிக்கைப் பூங்காக் காட்சிகள் மிகக் குறைவு. இருட்டு, முப்பரிமாணக் கண்ணாடி, நீர்த்தூறல், அசையும் இருக்கை ஆகியவற்றைச் சேர்த்துக் காட்டும் இத்தகைய 4டி அரங்குகள் இன்று உலகெங்கும், வணிக வளாகங்களில்கூட, வந்துவிட்ட நிலையில், குழந்தையை அழைத்துச் செல்லும் எவருக்கும் இந்தக் காட்சி கற்றுத்தருவது நிறைய.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். அரங்குக்குச் செல்லும் பாதை மரத்தின் வேர்களைச் சுற்றிச் சுற்றி இறங்கும்; வெளியில் நின்று பார்க்கும்போது கண்ணில் படாத விலங்குருவங்கள் அந்தப் பாதையில் கைக்கெட்டும் தொலைவில் வரும். முன்கூடத்தில் புகழ்பெற்ற மேடை நாடகங்களின் பெயர்களைப் பூச்சிகளுக்கு ஏற்றபடி மாற்றி எழுதிய சுவரொட்டிகள் தொங்கும். அந்த நாடகப் பாடல்களைப் பூச்சிகளே ரீங்கரிப்பது போன்ற இசையும் ஒலிக்கும். காட்சியை நடத்துபவன் ஃப்ளிக் என்ற எறும்பு. பூச்சிகள் இல்லாவிட்டால் பூக்கள் காய்க்காது, குப்பை மட்காது, ஆகவே அவற்றை வெறுக்காதீர்கள் என்பதுதான் அவன் சொல்லவந்த செய்தி. அதைப் பாடமாக நடத்தாமல் ஒரு வேடிக்கைக் கச்சேரியாக நடத்தியது நல்ல யோசனை. திரையில் கரையான் அமிலம் உமிழும்போது முகத்தில் நீர் தெறிக்கும். நாற்றம் பரப்பும் பூச்சி வந்ததும் அரங்கம் முழுவதும் உண்மையாகவே நாறும். பத்து வயதுப் பிள்ளைகள் அந்த இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

பாதிக் காட்சிக்குப் பிறகு எல்லாம் மாறிவிடும். ஹாப்பர் என்ற வெட்டுக்கிளி, திரையில் அல்லாமல் அரங்கின் ஓரத்திலேயே, ஆளைவிடப் பெரிய இயந்திர உருவமாக எழுந்து நின்று, மனிதர்கள் பூச்சிகளுக்குச் செய்த கொடுமைகளுக்குப் பழிவாங்கப் போவதாகப் பார்வையாளர்களை நோக்கிக் கத்துவான். அதன் பின் வருபவை ஒன்றன்மேல் ஒன்றாக வரும். பூச்சிமருந்து அடிப்பது போலப் புகை கவியும். விளக்குகள் அணைந்து குளவிகளின் இரைச்சல் எழ, இருக்கையின் சாய்மானத்திலிருந்து ஏதோ ஒன்று முதுகில் குத்தும். தலைக்கு மேலே கூரையிலிருந்து கறுப்புச் சிலந்திகள் தொங்கி இறங்கும். பச்சோந்தி ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு பாயும். ஹாப்பர் விரட்டப்பட்டு, அமைதியான பாடலோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று குழந்தை நம்பத் தொடங்கும் வேளையில், பேன்களும் புழுக்களும் கரப்பான்களும் முதலில் வெளியேறட்டும், அதுவரை அமர்ந்திருங்கள் என்று அறிவிப்பு வரும். உடனே உட்கார்ந்திருக்கும் பலகைக்கு அடியில் ஏதோ ஊர்ந்து போகும்.

முழுக் காட்சியும் பத்து நிமிடத்துக்கு உட்பட்டது. பெரியவர்களுக்கு அது ஒரு கூச்சலும் ஒரு சிரிப்புமாக முடிந்துவிடும். மூன்று வயதுக் குழந்தைக்கு அது வேறு அனுபவம் என்பதைத்தான் இதை உருவாக்கியவர்கள் போதுமான அளவு எண்ணிப்பார்க்கவில்லை என்று நான் கருதுகிறேன்.

தொலைக்காட்சியும் திரைப்படமும் குழந்தைகளுக்கு ஊட்டும் அச்சத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் கேன்டர். பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத குழந்தைகள் ஒரு பொருளின் தோற்றத்தைக் கண்டே அஞ்சுகிறார்கள்; அது நல்லதா கெட்டதா, உண்மையா பொய்யா என்ற சிந்தனை அந்த அச்சத்தைக் குறைப்பதில்லை. அவரும் க்ளென் ஸ்பார்க்ஸும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், நல்லவனான ஒரு மனிதன் பச்சை நிறப் பூதமாக மாறும் தொலைக்காட்சித் தொடரைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். அந்தப் பூதம் உதவி செய்யத்தான் வருகிறது என்பது பெரிய பிள்ளைகளுக்குப் புரிந்தது. சின்னக் குழந்தைகளோ அந்த உருமாற்றத்தைக் கண்டே அதிகம் பயந்தார்கள். 'இது நிஜமில்லை' என்று எடுத்துச் சொல்வது எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பயன்படுகிற அளவுக்கு நான்கு வயதுக் குழந்தைக்குப் பயன்படுவதில்லை என்பதும் அவருடைய ஆய்வுகள் காட்டிய முடிவு. பொய் என்று சொல்லிச் சமாதானம் செய்ய முயலும் பெற்றோர் தோற்றுப்போவது இதனால்தான். அணைத்துக்கொள்வதும், கையில் பிடித்துக்கொள்ள எதையாவது கொடுப்பதும், அந்த இடத்தைவிட்டு வெளியே தூக்கிச் செல்வதுமே அந்த வயதில் பலிக்கும்.

இந்த அரங்கில் அச்சத்தைப் பெருக்கியவை இன்னும் இரண்டு இருந்தன. வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும் குழந்தை பயம் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும், அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அதோடு அந்தக் காட்சி அதற்கு இல்லாமல் போய்விடும். இங்கே கண்ணை மூடினாலும் முதுகில் குத்துவது நிற்பதில்லை, மடியில் புதைந்தாலும் அடியில் ஊர்வது நிற்பதில்லை. தப்பிப்பதற்குக் குழந்தை அறிந்த ஒரே வழியையும் இந்த உத்திகள் அடைத்துவிடுகின்றன. இரண்டாவது, பெற்றோரின் முகம். ஐயப்பாடு தரும் சூழலில் ஒரு வயதுக் குழந்தையே முதலில் தாயின் முகத்தைப் பார்த்து, அதில் சிரிப்பு இருந்தால் முன்னே போகவும் அச்சம் இருந்தால் பின்வாங்கவும் செய்கிறது என்பது 1985-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஓர் ஆய்வின் முடிவு. இருட்டிலே, அதுவும் பெரிய முப்பரிமாணக் கண்ணாடி அணிந்த தாயின் முகத்தில் குழந்தை எதைப் படிக்க முடியும்? கூட்டம் முழுவதும் அலறுகிறது. பக்கத்தில் இருக்கும் அம்மாவும் குத்துப்பட்டுத் துள்ளுகிறாள். அந்தக் கணத்தில் தன்னைத் தவிர எல்லோரும் விளையாடுகிறார்கள் என்பதைக் குழந்தைக்கு உணர்த்த அங்கே எதுவுமே இல்லை.

எச்சரிக்கை இல்லாமலில்லை. இருட்டும் புகையும் இருக்கும், சிறு குழந்தைகள் பயப்படக்கூடும் என்ற அறிவிப்பு நுழைவிடத்தில் இருந்தது, பணியாளர்களும் சொல்வார்கள். ஆனால் பெற்றோர்கள் அதைப் பொருட்படுத்தாமல் உள்ளே சென்றதற்கு அவர்களுடைய அலட்சியத்தை மட்டும் காரணம் சொல்வது நியாயமாகாது. கேளிக்கைப் பூங்காவில் ஒரு நாள் முழுவதும் குழந்தையோடு நடப்பவர்களுக்கு ஆபத்தின் அடையாளமாகப் பழகிப்போவது உயரம் பார்க்கும் அளவுகோல்தான். வாசலில் அது இருந்தால் குழந்தையை நிறுத்திப் பார்க்கிறோம். இல்லாவிட்டால் இது எல்லோருக்குமானது என்று முடிவு செய்துவிடுகிறோம். அந்த அளவுகோல் பாதுகாப்புக் கம்பி உடம்பைப் பிடிக்குமா என்பதை அளக்கிறதே தவிர மனம் தாங்குமா என்பதை அளப்பதில்லை. வண்டியும் இல்லை, தண்டவாளமும் இல்லை, உட்கார்ந்து பார்க்கும் காட்சி என்பதால் இந்த வாசலில் உயர வரம்பு இருக்கவில்லை. சுவரொட்டியிலோ ஓர் எறும்பு சிரித்துக்கொண்டிருந்தது. அதே பூங்காவில் உயர வரம்பு வைத்திருந்த சில சவாரிகளைவிட, வரம்பே இல்லாத இந்த அரங்கம்தான் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் கடினமானதாக அமைந்தது.

அளவுகோல் இருந்தாலும் போதாது என்பதற்கு, ஃப்ளோரிடாவிலேயே டிஸ்னியின் இன்னொரு பூங்காவான மேஜிக் கிங்டத்தில் 2004 முதல் 2018 வரை இருந்த 'ஸ்டிட்ச்ஸ் கிரேட் எஸ்கேப்' என்ற காட்சி சாட்சி. அதற்கு முன் அதே அரங்கில் பெரியவர்களையே அச்சுறுத்தும் வேற்றுக்கோள் பிராணியின் காட்சி ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, குழந்தைகள் விரும்பும் நீல நிற ஸ்டிட்சை அங்கே கொண்டுவந்தார்கள். ஆனால் தோள்களை அழுத்திப் பிடிக்கும் கம்பியும், கும்மிருட்டும், காதோரம் எழும் ஓசைகளும் அப்படியே தொடர்ந்தன. 40 அங்குல உயரமுள்ள குழந்தையை உள்ளே விட்டார்கள். நான்கு வயதில் அந்த உயரத்தைப் பல குழந்தைகள் எட்டிவிடுவார்கள். முகத்தை மட்டும் மாற்றி முறையை மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் காட்சி தெளிவாகவே காட்டியது.

கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் 1955-இலேயே தொடங்கிய ஸ்னோ ஒயிட் சவாரியின் கதை இதைவிட நேர்மையானது. சூனியக்காரி திரும்பத் திரும்ப எதிரில் வந்து நின்ற அந்தச் சவாரிக்கு, 1983-இல் புதுப்பித்தபோது, பெயரிலேயே 'ஸ்கேரி' (அச்சமூட்டும்) என்ற சொல்லைச் சேர்த்தார்கள்; படிக்கத் தெரிந்த எந்தப் பெற்றோரும் ஏமாற வழியில்லை. 2021-இல் அந்தச் சொல்லை நீக்கியபோது உள்ளிருந்த காட்சிகளையும் மென்மையாக்கினார்கள். பெயரும் உள்ளடக்கமும் ஒத்துப்போக வேண்டும் என்பதைத் தவிர நான் வேறெதையும் கேட்கவில்லை.

சிறு குழந்தைகளை 4டி அரங்குக்கே அழைத்துப் போகக்கூடாது என்பதும் என் கருத்தன்று. மேஜிக் கிங்டத்தில் 2003 முதல் நடக்கும் 'மிக்கீஸ் ஃபில்ஹார்மேஜிக்' அதே கருவிகளைத்தான் பயன்படுத்துகிறது: கண்ணாடி, நீர்த்துளி, மணம். ஆனால் அங்கே வரும் மணம் ஆப்பிள் பை மணம்; துன்பங்கள் எல்லாம் திரைக்குள் டொனால்டு வாத்துக்கு நேர்கின்றனவே தவிரப் பார்வையாளரின் முதுகுக்கு நேர்வதில்லை; பயமுறுத்தும் நோக்கத்தோடு பார்வையாளரை நோக்கித் திரும்பும் வில்லனும் இல்லை. இருட்டும் உரத்த இசையும் அங்கும் சில குழந்தைகளுக்கு ஒவ்வாமல் போகலாம் என்றாலும், பயந்த குழந்தையின் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் பெரும்பாலும் நிலைமை சரியாகிவிடும். பூச்சிக் காட்சியில் கண்ணாடியைக் கழற்றுவது பாதித் தீர்வாகக்கூட இருக்கவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, காட்சியின் நோக்கமே குழந்தைகளிடம் தோற்றுப்போனது. புவி நாளில் திறக்கப்பட்ட பூங்கா, உயிர்களிடத்தில் அன்பு வேண்டும் என்று சொல்லும் மரம், அதன் வேரடியில் பூச்சிகளைப் போற்றும் கச்சேரி. இவ்வளவையும் அமைத்துவிட்டு, பூச்சி என்றால் இருட்டில் வந்து குத்துவது, தலைமேல் இறங்குவது, அடியில் ஊர்வது என்ற உடல் நினைவை மிகச் சின்னப் பார்வையாளர்களுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். கடைசிப் பாடலின் வரிகளை மூன்று வயதுக் குழந்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை.

ஆகவே என் மதிப்பீடு வயதைப் பொறுத்தது. எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது கற்பனையும் கைத்திறனும் நிறைந்த, மறுமுறை பார்க்கத் தகுந்த காட்சியாக இருந்தது; ஹாப்பரின் இயந்திர உருவம் அந்தத் துறையின் சிறந்த வேலைகளில் ஒன்று. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைத்திருக்க மாட்டேன். இடைப்பட்ட வயதில் குழந்தையின் இயல்பு அறிந்து முடிவெடுக்க வேண்டும்.

இதே வகையான எந்த அரங்குக்கும் போகுமுன் செய்யத்தக்கவை சில உண்டு. டிஸ்னி நிறுவனமே, அறிவாற்றல் சார்ந்த குறைபாடு உள்ளவர்களுக்காக, எந்தக் காட்சியில் இருட்டு உண்டு, உரத்த ஓசை உண்டு, மணம் உண்டு, நீர் தெளிக்கப்படும் என்று பட்டியலிட்டு வழிகாட்டி வெளியிடுகிறது. அது எல்லாக் குழந்தைகளின் பெற்றோருக்கும் உதவும், ஆனால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. காட்சியின் ஒளிப்பதிவை இணையத்தில் முன்பே பெரியவர்கள் பார்த்துவிடுவது நல்லது. வெளியேறும் கதவுப் பக்கத்து ஓர இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் பணியாளர்கள் பெரும்பாலும் தருவார்கள். குழந்தையை இருக்கையில் சாயவிடாமல் மடியில் வைத்துக்கொண்டால் முதுகிலும் அடியிலும் வரும் அதிர்ச்சிகள் அதைத் தொடமாட்டா. அழத் தொடங்கிய குழந்தையை, இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று சொல்லி உட்காரவைக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கமும் வேண்டாம்.

பூங்காக்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. காத்திருப்பு நேரம் எழுதும் அதே பலகையில், எறும்பின் சிரித்த முகத்துக்குப் பக்கத்திலேயே, 'முழு இருட்டு வரும், முதுகில் குத்தும், தலைமேல் சிலந்தி இறங்கும், ஐந்து வயதுக்குக் கீழ் வேண்டாம்' என்று அதே அளவு எழுத்தில் எழுதிவிடலாம். அரங்கின் ஒரு பக்கத்தில் இரண்டு வரிசை இருக்கைகளை அசைவும் குத்தலும் இல்லாமல் விட்டுவைக்கலாம். உயர வரம்புள்ள சவாரிகளில் தாயும் தந்தையும் மாறி மாறி ஏறிக்கொள்ள, மற்றவர் குழந்தையோடு வெளியே நிற்க, இரண்டாம் முறை வரிசையில் காத்திருக்காமல் விடும் வழக்கம் ஏற்கெனவே உள்ளது. அச்சமூட்டும் காட்சிகளுக்கும் அதே வசதியை நீட்டித்தால், மூத்த பிள்ளை பார்க்க விரும்புகிறான் என்பதற்காக இளையதையும் இருட்டுக்குள் தூக்கிச் செல்லும் நிலை குடும்பங்களுக்கு வராது.