சிலம்பு உடையும் நொடி: ஜிஃப்பா, எஸ்விஜியா?

பாண்டியன் அவையில் கண்ணகி சிலம்பை உடைக்கும் காட்சியை அசையும் போஸ்டராக்க நினைப்பவர்கள் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். ஜிஃப் (GIF) என்பது புள்ளிகளால் ஆன படங்களை, அதாவது ஃபிரேம்களை, அடுத்தடுத்து ஓட்டும் கோப்பு. எஸ்விஜி (SVG) என்பது வடிவங்களை எண்களாலும் எழுத்தாலும் விவரித்து வரையும் கோப்பு. கறுப்புப் பின்னணி, ஒரு பொன் வளையம், உள்ளிருந்து தெறிக்கும் ஒற்றைச் சிவப்புப் புள்ளி போதும். அரியணைகூட வேண்டாம். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, இதில் தெறிப்பது மாணிக்கம். வழக்கு முழுவதும் அந்த நிறத்தில் இருக்கிறது.

நிறம்:
ஜிஃப்பில் ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான். மூன்று நிறத்துக்கு அது தாராளம். ஆனால் மாணிக்கத்தைச் சுற்றி மெல்லிய ஒளி வைத்தால் திட்டுத்திட்டாகத் தெரியும்.
எஸ்விஜியில் அந்த ஒளி இருட்டோடு மெல்லக் கரையும்.

கூர்மை:
ஜிஃப்பைப் பெரிதாக்கினால் வளையத்தின் விளிம்பு பிசிறடிக்கும்.
எஸ்விஜி சுவரளவு ஆனாலும் கூர் மழுங்காது.

அசைவு:
இங்கேதான் என் மனம் எஸ்விஜி பக்கம் சாய்கிறது. உடைவதற்கு முன் வளையம் ஒன்றரை நொடி அசையாமல் நிற்க வேண்டும். அந்த அமைதி இல்லாவிட்டால் தெறிப்புக்கு உயிரே இல்லை. எஸ்விஜியில் ஒரே ஒரு எண்ணை மாற்றி, கண்ணுக்குச் சரியாகப் படும்வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஜிஃப்பில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கோப்பைப் புதிதாகச் சேமிக்க வேண்டும்.

பகிர்வு:
வாட்ஸ்அப்பில் ஜிஃப் ஓடும், எஸ்விஜி ஓடாது.

சொந்த இணையதளத்தின் முகப்புக்கு என்றால் எஸ்விஜி. நண்பர்களுக்கு அனுப்பத்தான் என்றால் ஜிஃப். ஒளியை எடுத்துவிட்டுத் தட்டையான சிவப்பாகவே விடுங்கள்.