சீ-டூ ஸ்பார்க் 90: லைட் எரிந்து வண்டி இழுக்காமல் போகும்போது இது எப்படி நடந்துகொள்கிறது?

சீ-டூ நிறுவனத்தின் ஸ்பார்க், தண்ணீரில் ஓட்டுகிற சின்ன ஜெட் ஸ்கீ. அதை வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிற எல்லாரும் முதலில் கேட்பது எவ்வளவு வேகம் போகும் என்றுதான். ஏரிக்கு நடுவில் எச்சரிக்கை லைட் எரிந்து வண்டி இழுக்காமல் நின்றால் அது நமக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று யாருமே கேட்பதில்லை. ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில், அதுவும் தெற்கே குக்ஸ் பே பக்கம், ஆழம் குறைந்து நீர்க்களை அடர்ந்து கிடக்கிற தண்ணீரில் ஓட்டுகிற ஆட்களுக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அதனால் இந்த விமர்சனத்தில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய ஸ்பார்க். 3 பேர் உட்காரும் வகை, 90 குதிரைத்திறன், ஐபிஆர் உள்ளது. ஐபிஆர் என்பது பிரேக்கும் ரிவர்ஸும், இடது கைப்பிடியில் இருக்கும் லீவர்தான் அதை இயக்குகிறது. எஞ்சின் ரோட்டக்ஸ் 900, மூன்று சிலிண்டர், 899 சிசி. இதே எஞ்சின் 60 குதிரைத்திறனிலும் வருகிறது. வண்டி 200 கிலோவுக்குள் அடங்கிவிடுவதால் ட்ரெயிலரோடு சேர்த்துச் சின்ன எஸ்யூவியே ஸ்காபரோவிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும், பெரிய பிக்கப் தேவையில்லை. தண்ணீரில் மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில் ஓடும். திருப்பினால் சட்டென்று திரும்பும். பெட்ரோல் குறைவாகத்தான் குடிக்கும், 30 லீட்டர் டாங்கியை நிரப்பினால் ஒரு பிற்பகல் தாராளமாகப் போகும். இந்த விஷயங்களில் எனக்குக் குறை எதுவும் இல்லை, காசுக்கு நல்ல பெறுமதி.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டி சக்தி இழப்பது இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, எஞ்சினே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது. மற்றது, எஞ்சின் முழுப் பலத்தோடு சுற்றியும் அந்தப் பலம் தண்ணீரைத் தள்ளாமல் வீணாவது. முதலாவதில் திரையில் ஏதாவது எழுத்து ஓடும், லைட் எரியும், பீப் கேட்கும். இரண்டாவதில் பெரும்பாலும் ஒன்றுமே வராது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிட்டது. என் சித்தி மகன் ஏரியிலிருந்து போன் எடுத்து, "அண்ணை, வண்டி ஓடுதில்லை, என்ன செய்ய?" என்று பதறினபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "த்ரொட்டில் குடுக்கச் சத்தம் கூடுதோ, இல்லையோ?" சத்தம் கூடுகிறது, வண்டிதான் நகரவில்லை என்றான். அப்படியென்றால் எஞ்சினைத் தொட வேண்டியதே இல்லை, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி வண்டியைத் தள்ளுகிற பம்பைப் பார்க்க வேண்டும்.

பம்பில் என்ன நடக்கிறது என்றால், வண்டியின் அடியில் ஒரு கம்பி வலை இருக்கிறது, அதன் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகிறது. நீர்க்களையும் கயிற்றுத் துண்டும் பிளாஸ்டிக் பையும் அந்த வலையில் அடைக்கும், இல்லையென்றால் உள்ளே போய்ச் சுழலும் தண்டில் சுற்றிக்கொள்ளும். நான் ஒருமுறை கரையில் வைத்துக் கழற்றி எடுத்த களை, தண்டைச் சுற்றி முறுக்கேறிக் கயிறாகவே ஆகியிருந்தது. வெளிப்பக்கம் பச்சை, உள்ளே தண்டோடு ஒட்டிய பகுதி வெந்து கருத்திருந்தது. விரலால் பிரிக்கவே முடியவில்லை, மீன் வெட்டும் கத்தியால் நீளவாக்கில் கீறித்தான் எடுத்தேன். அவ்வளவு கிடந்தும் திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. வந்திருக்கவும் முடியாது, ஏனென்றால் எஞ்சினைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணீரிலேயே இருந்தபடி இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஐபிஆர் லீவரை இழுத்து ரிவர்ஸில் வைத்துக்கொண்டு, த்ரொட்டிலை விட்டு விட்டுச் சில தடவை கொடுத்தால் வலையில் ஒட்டியிருக்கிற களை பல நேரம் கழன்று போகும். போகவில்லை என்றால் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிக் கையில் கட்டிக்கொண்ட பிறகுதான் இறங்கி அடியில் கை வைக்க வேண்டும். சாவி வண்டியில் இருக்கும்போது யாரும் பம்புக்குப் பக்கத்தில் கை கொண்டுபோகாதீர்கள், இது நான் மிகவும் கவலைப்பட்டுச் சொல்கிற விஷயம். தலைமுடி, லைஃப் ஜாக்கெட்டின் தொங்கும் வார், எல்லாம் உள்ளே இழுக்கப்படும்.

களை இல்லாமலும் இதே அறிகுறி வரும். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற விசிறி போன்ற இம்பெல்லரைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது, வேர் ரிங் என்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் ஸ்டார்ட் செய்தால் கல்லும் மணலும் உள்ளே இழுபட்டு அந்த வளையத்தில் கோடு விழும், இம்பெல்லரின் ஓரமும் மடியும். இடைவெளி கூடினால் தண்ணீர் பின்னால் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். அப்போது எஞ்சின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) ஏறும், வண்டியின் வேகம் ஏறாது, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஒரு வழுக்கல் தெரியும். வளையத்தின் உள்பக்கம் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் தட்டி நிற்கிற பள்ளம் இருந்தால் மாற்ற வேண்டியதுதான். அதனால்தான் இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள் என்று பழகிய ஆட்கள் சொல்கிறார்கள்.

இன்னொரு காரணத்தை யாரும் நினைப்பதில்லை: வண்டிக்குள் தண்ணீர். பின்புறம் இருக்கிற வடிகால் மூடிகள் இறுக்கப்படாமல் இருந்தாலோ, தண்டு உள்ளே நுழையும் இடத்தில் இருக்கிற கார்பன் சீல் தேய்ந்திருந்தாலோ மெல்ல மெல்லத் தண்ணீர் ஏறும். வண்டியின் பின்பக்கம் கனத்து, மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும், எவ்வளவு த்ரொட்டில் கொடுத்தாலும் தண்ணீர்மேல் எழும்பாது. அதையும் எஞ்சின் பிரச்சினை என்றுதான் ஆட்கள் நினைக்கிறார்கள். கரைக்கு வந்ததும் ட்ரெயிலரில் ஏற்றி மூடியைத் திறந்து எவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது என்று பார்த்தாலே விளங்கிவிடும். ஒன்ராறியோவில் 2022 ஜனவரியிலிருந்து படகைத் தெருவழியே கொண்டுபோவதற்கு முன் வடிகால் மூடியைத் திறந்து தண்ணீரை வெளியேற்றி, ஒட்டியிருக்கும் செடிகளை அகற்ற வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, ஆகவே இந்தச் சோதனைக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

அப்புறம் லைட் எரிகிற வகை. இங்கேதான் ஸ்பார்க்கின் நல்லதும் கெட்டதும் ஒன்றாகத் தெரிகிறது.

நல்லது என்னவென்றால் இந்த வண்டி தன் எஞ்சினைக் காப்பாற்றுவதில் கெட்டி. எண்ணெய் அழுத்தம் குறைந்தாலோ, சூடு கூடினாலோ, சில சென்சார்கள் தவறான அளவைக் காட்டினாலோ அது உடனே லிம்ப் ஹோம் என்கிற, மெதுவாக மட்டும் ஓடும் நிலைக்குப் போய்விடும். த்ரொட்டில் கம்பி வழியாக இல்லாமல் மின்சமிக்ஞையாகப் போவதால் நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் கணினி அனுமதிக்கிற அளவுதான் சுற்றும். கரைக்கு ஊர்ந்து வரலாம், அவ்வளவுதான். பீப் விடாமல் தொடர்ந்து கத்தினால், அதோடு எண்ணெய் அழுத்தம் அல்லது வெப்பம் என்று எழுத்து ஓடினால், ஊர்ந்து வரவும் பார்க்காதீர்கள், உடனே நிறுத்துங்கள். யாரையாவது கூப்பிட்டுக் கயிறு கட்டி இழுத்துவரச் செய்வதுதான் மலிவு. எஞ்சின் மாற்றுகிற செலவில் வேறு பழைய வண்டியே வாங்கிவிடலாம்.

வெப்ப எச்சரிக்கையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. யமஹா வேவ்ரன்னரில் ஏரித் தண்ணீரே எஞ்சினுக்குள் போய்க் குளிர்விக்கிறது. சீ-டூவில் அப்படி இல்லை, காரில் இருப்பதுபோல மூடிய சுற்றில் கூலன்ட் ஓடுகிறது, அடியில் ஏரித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிற ரைட் பிளேட் என்னும் தகடு அதைக் குளிர்விக்கிறது. ஆகவே எஞ்சின் சூடு என்று வந்தால் முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள். ஆனால் புகைப்போக்கி (எக்ஸாஸ்ட்) மட்டும் ஏரித் தண்ணீரில்தான் குளிர்கிறது, அந்தக் குழாயில் மணலோ சிப்பித் துணுக்கோ களையோ அடைத்தால் எக்ஸாஸ்ட் சூடு என்று தனி எச்சரிக்கை வரும். சிம்கோவில் வரிக்குதிரைச் சிப்பி நிறைய இருக்கிறது, இதை மறக்க வேண்டாம். தோட்டக் குழாயைச் செருகி அலசினால் பெரும்பாலும் சரியாகும். அலசும்போது ஒழுங்கு முக்கியம்: முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிறகு தண்ணீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூடி, பிறகு எஞ்சினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாக எஞ்சினுக்குள் போய்விடும். கரையில் ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடவும் கூடாது, கார்பன் சீல் தண்ணீர் இல்லாமல் காய்ந்து எரியும்.

இனிக் கெட்டது. செக் எஞ்சின் என்று திரையில் ஓடுகிறதே தவிர எந்தச் சென்சார், என்ன பிழை என்பதை ஓட்டுகிறவருக்கு விளங்கும்படி சொல்வதில்லை. பிழைக் குறியீட்டை முழுதாகப் படிக்க டீலர்களிடம் இருக்கிற பட்ஸ் 2 மென்பொருள் வேண்டும், இல்லையென்றால் கேண்டூ புரோ மாதிரித் தனியாக விற்கிற கருவி வேண்டும். இவ்வளவு நல்ல வண்டியில் ஒரு வரி கூடுதலாக எழுதிக் காட்டுவது பெரிய காரியம் இல்லை. ஏரி நடுவில் நிற்கிற மனிதனுக்கு, இது ஓட்டிக்கொண்டு போகக்கூடிய பிழையா, இல்லை நிறுத்த வேண்டிய பிழையா என்று தெரிவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அந்த விஷயத்தில் நான் முழு மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

டீலரிடம் போவதற்கு முன்னால் பற்றரியைப் பாருங்கள். குளிர்காலம் முழுக்கக் கராஜில் கிடந்து, வசந்தத்தில் முதல் தடவை இறக்கும்போது வருகிற லைட்டுகளில் நிறைய இந்தச் சின்னப் பற்றரியால்தான் வருகின்றன. மின்னழுத்தம் குறைந்தால் ஐபிஆர் மோட்டர் தடுமாறும், கணினி ஒன்றுக்குப் பத்து எச்சரிக்கை காட்டும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். இணைப்பு முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தால் உரசித் துடையுங்கள். பிறகு சாவியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுத் திரும்பச் செருகுங்கள், தற்காலிகப் பிழையானால் போய்விடும். திரும்பத் திரும்ப வந்தால் அது உண்மையான பிழை, அப்போது காசு கொடுத்துக் கணினியில் பார்ப்பதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு டீலர் பற்றரியைச் சோதிக்காமலே சென்சார் மாற்ற விலை சொன்னார், ஏரிக்கரையில் தனியாக வேலை செய்கிற ஒரு மெக்கானிக் பற்றரி முனையை இறுக்கிவிட்டு மிகக் குறைவாகவே வாங்கினார். ஆகவே யாரிடம் கொடுத்தாலும், முதலில் வோல்ட் எவ்வளவு என்று கேளுங்கள்.

சாவியையும் கவனியுங்கள். சீ-டூவுக்கு லேர்னிங் கீ என்று பழகுகிற ஆட்களுக்கான தனிச் சாவி இருக்கிறது, அதைப் போட்டால் வேகம் மட்டுப்படும். பழைய வண்டி வாங்கும்போது இரண்டு சாவியும் சேர்ந்து வந்தால், தெரியாமல் அந்தச் சாவியைப் போட்டுவிட்டு வண்டிக்குப் பலமில்லை என்று தேவையில்லாமல் அலைய நேரிடும்.

எண்ணெய் விஷயத்தில் குறைவது மட்டும் பிரச்சினை இல்லை, கூடினாலும் பிரச்சினைதான். அளவுக்கு மேல் ஊற்றினால் காற்றுப் பெட்டிக்குள் எண்ணெய் ஏறிப் புகை வரும், இழுவை குறையும். 100 மணிநேரத்துக்கு அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். ஸ்பார்க்கின் இன்னொரு குறை இங்கேதான்: பெரிய சீ-டூக்களில் இருக்கையைத் தூக்கினால் எஞ்சின் தெரியும், இதில் பல வேலைகளுக்கு மேல் உடலையே கழற்ற வேண்டியிருக்கிறது. கைவேலை தெரிந்தவருக்குச் சனிக்கிழமை போய்விடும், தெரியாதவருக்குக் கூலி ஏறிவிடும்.

லைட் எரிந்து சக்தி போகிற நேரத்தில் நினைவில் வைக்க வேண்டியது, பம்பிலிருந்து பாய்கிற தண்ணீர் தள்ளாவிட்டால் வண்டி திரும்பாது. கைப்பிடியை எவ்வளவு வளைத்தாலும் போன திசையிலேயே போகும். டொக்குக்கும் நீந்துகிற பிள்ளைகளுக்கும் பக்கத்தில் வேகமாக வராமல் இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. கனடாவில் 16 வயதுக்குக் குறைந்தவர் இதை ஓட்டக் கூடாது, ஓட்டுகிறவரிடம் படகு ஓட்டும் அட்டை இருக்க வேண்டும். போனை நீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள், இழுக்கும் கயிறு ஒன்றைக் கையுறைப் பெட்டியில் வையுங்கள்.

பழைய ஸ்பார்க் வாங்கப் போகிற ஆட்களுக்கு என் கருத்து: தாராளமாக வாங்குங்கள், ஆனால் முற்றத்தில் ட்ரெயிலர்மேல் வைத்துச் சத்தம் காட்டுகிற விற்பனையாளரிடம் காசைக் கொடுக்காதீர்கள். தண்ணீரில் இறக்கி, நின்ற இடத்திலிருந்து முழு த்ரொட்டில் கொடுத்து, வழுக்குகிறதா என்று பாருங்கள். கரைக்கு வந்ததும் வடிகால் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், வேர் ரிங்கில் நகத்தை ஓட்டுங்கள், பிழைக் குறியீடுகளைக் கணினியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள், எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அதற்குச் சம்மதிக்காதவரை விட்டு அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள். 60 குதிரைத்திறனா 90ஆ என்றால், தனியாக ஓட்டுகிறவருக்கு 60 போதும், பின்னால் ஆளை ஏற்றுகிறவர் 90 எடுங்கள். ஐபிஆர் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் களை அடர்ந்த இந்த ஏரிக்கு நான் எடுக்க மாட்டேன்.