டாக்கோவும் தர்மமும்: யார் பையிலிருந்து போகிறது?

சாப்பாடு போட்டுப் புண்ணியம் தேடுவது மதுரைக்குப் புதிதில்லை. மீனாட்சியம்மன் கோயிலில் அன்னதானம் உண்டு. அண்ணா பேருந்து நிலையம் பக்கம் 10 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டு, 2020-இல் மறைந்த ராமு தாத்தாவை ஊரே அறியும். ஆனால் சாப்பிடுகிறவனையே தர்மக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் கடைகள் வேறு ரகம். நாம் டாக்கோ (மெல்லிய ரொட்டியில் மசாலா வைத்து மடித்த மெக்சிகன் பண்டம்) தின்போம், பில்லில் ஒரு பங்கு ஏதோ ஒரு இல்லத்துக்குப் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான்கு பேர் போய் 1,600 ரூபாய் செலவழித்தால் நிஜமாக எவ்வளவு போகிறது, யார் பையிலிருந்து போகிறது, வாங்கிய தட்டு அந்தக் காசுக்குத் தாங்குமா என்று மூன்று இடங்களை வைத்துப் பார்க்கிறேன். ஏற்பாட்டைப் பற்றித்தான் பேச்சு என்பதால் கடைப் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

முதல் இடம் பைபாஸ் ரோட்டுப் பக்கம் உள்ள சின்னக் கடை. மெக்சிகன் பாணி என்று போர்டு சொல்கிறது, அடுப்பில் இருப்பது நம்ம ஊர் தோசைக்கல். டாக்கோவுக்கான மெல்லிய ரொட்டியான டார்டியா மைதாவிலும் உண்டு, மக்காச்சோளத்திலும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு சோளத்தைச் சொல்லுங்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவி எடுத்து அரைக்கிறார்கள். மெக்சிகோவில் ஆயிரக்கணக்கான வருஷமாக இருக்கும் முறை இதுதான். சுண்ணாம்பு படாத சோள மாவு ஒட்டிப் பிடிக்காது, உடைந்து போகும். சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமின் சத்தும் சுண்ணாம்பு படுவதால்தான் உடம்பில் சேர்கிறது. கல்லிலிருந்து எடுத்தவுடன் பிய்த்தால் வேகவைத்த கதிரின் வாசனையோடு லேசாகச் சுண்ணாம்பு நெடி வரும். ஐந்து நிமிஷம் பேச்சில் விட்டுவிட்டால் ஓரம் விறைத்துக்கொள்ளும், அதனால் செல்ஃபியைச் சாப்பிட்டு முடித்தபிறகு வைத்துக்கொள்ளலாம்.

பேரையூர், தே.கல்லுப்பட்டி பக்கம் காடு காடாக மக்காச்சோளம் நிற்கிறது. பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது. 2018-இல் அதைத் தின்று தீர்த்த படைப்புழுவும் சோளம் பிறந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. புழுவுக்குத் தெரிந்த ருசி நமக்கு இவ்வளவு நாள் கழித்துத்தான் தட்டுக்கு வந்திருக்கிறது.

குவாகமோலேக்குப் பட்டர் ஃப்ரூட்டை இவர்கள் தாண்டிக்குடி மலையிலிருந்து இறக்குகிறார்கள். காபித் தோட்டத்துக்கு நடுவே வளர்வது. அந்த மலையில் உள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை, கொத்தமல்லி போட்டு மசித்து, கட்டி கட்டியாகவே விடுகிறார்கள், அதுதான் சரி. தக்காளியைத் தணலில் சுட்டு அரைக்கும் சல்சாவை வீட்டில் அம்மாவிடம் கொடுத்தால் “சுட்ட தக்காளித் துவையல், புளி மட்டும் குறையுது” என்பார். பரிட்டோ சுமார். உள்ளே சாதம் அதிகம், ராஜ்மா குறைவு. நாச்சோஸ் பாக்கெட் சிப்ஸ் மேல் சீஸ் ஊற்றியது, அதற்கு 220 ரூபாய் தண்டம்.

இனி தர்மம். வியாழக்கிழமை சாயங்கால விற்பனையில் 10 சதவீதம் ஒரு முதியோர் இல்லத்துக்கு என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘விற்பனை’. 1,600 ரூபாய் பில்லில் 160 ரூபாய் போகிறது. அதே போர்டில் ‘லாபத்தில் 10 சதவீதம்’ என்றிருந்தால் கதை வேறு. நூற்றுக்குப் பத்து ரூபாய் லாபம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் 1,600-க்கு லாபம் 160, அதில் பத்தில் ஒரு பங்கு 16 ரூபாய். ஒரு டீக்காசு. போர்டு இரண்டும் தூரத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். இங்கே 160 ரூபாயும் கடைக்காரர் பையிலிருந்து போகிறது. நம் பில் புதன்கிழமை எவ்வளவோ, வியாழனும் அவ்வளவே. கை கழுவும் இடத்துக்கு மேலே, கண்ணாடிக்குப் பக்கத்தில், இல்லம் கொடுத்த ரசீதுகளைத் தேதிவாரியாக ஒட்டியிருக்கிறார்கள். சோப்பு நீர் தெறித்து ஓரம் சுருண்டிருந்தாலும் முத்திரையும் தொகையும் படிக்க முடிகிறது. கடையைப் பற்றி எனக்கு நம்பிக்கை வந்தது அந்தச் சுவரில்தான்.

அமெரிக்காவில் சிபோட்லே போன்ற மெக்சிகன் பாணிச் செயின் கடைகள் இதே வழியைப் பள்ளிக்கூடங்களுக்குச் செய்கின்றன. பள்ளி ஒரு சாயங்காலத்தை முன்பதிவு செய்து ஆட்களைக் கூட்டி வர வேண்டும், அந்த நேர விற்பனையில் ஒரு பங்கு பள்ளிக்கு. கடைக்கும் கூட்டம் கிடைக்கிறது. கொடுக்கிறவருக்கும் ஆதாயம் இருக்கட்டுமே, இல்லாவிட்டால் எத்தனை வியாழன் தாங்கும்?

இரண்டாவது இடம், மால் ஃபுட் கோர்ட்டில் ஒரு செயின் கவுண்டர். டாக்கோ அச்சில் வார்த்த மாதிரி எப்போதும் ஒரே அளவு, மொறுமொறு ஓடு, காரம் பிள்ளைகளுக்கு ஏற்ற அளவு. ஏசி இருக்கிறது, பார்க்கிங் இருக்கிறது. ருசியைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

1,600-க்கு 5 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 1,680 வந்தது. பில் போடும் பையன் கேட்டான்: “ரவுண்ட் பண்ணிரவாண்ணே?”

“யாருக்குத் தம்பி போகுது?”

“குழந்தைங்களுக்குண்ணே.”

“எந்தக் குழந்தைங்க?”

திரையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “சாரிட்டின்னுதான்ணே போட்டிருக்கு” என்றான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்குப் பின்னால் வரிசை நெளிந்துகொண்டிருந்தது. தலையாட்டினேன், 20 ரூபாய் போயிற்று.

சில்லறை சேர்ந்தால் பெரும்பணம்தான். டாக்கோ பெல் என்ற துரித உணவுச் செயினின் அறக்கட்டளை 1992 முதல் அமெரிக்காவில் இயங்குகிறது, கவுண்டரில் இப்படிச் சேரும் சில்லறையும் அங்கே படிப்பு உதவித்தொகைக்குப் போகிறது. எந்தப் பிள்ளைக்கு, எதற்கு என்று சொல்லிவிட்டு வாங்குகிறார்கள். சொல்லாமல் வாங்கும் இடத்தில்தான் எனக்கு முரண்பாடு. இன்னொன்றும் உண்டு. ஆண்டுக்கு 5 கோடி நிகர லாபம் பார்க்கும் கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். அது அவர்கள் காசு. கவுண்டரில் போகும் 20 ரூபாய் நம் காசு. இரண்டையும் ஒரே போஸ்டரில் சிரிக்கும் குழந்தை படத்தோடு ஒட்டினால் வித்தியாசம் மறைந்துவிடும். கேட்காமலே நன்கொடை என்று ஒரு தொகை பில்லில் ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது இடத்தில் டாக்கோ கிடையாது. அரசு ராஜாஜி மருத்துவமனைப் பக்கம் ஒரு மெஸ். இதை ஏன் இழுக்கிறேன் என்றால், மெல்லிய மாவு, மேலே மசாலா இறைச்சி, கையால் மடித்து வாய்க்கு என்று பார்த்தால் டாக்கோவுக்கு மதுரையில் நேர்ப் போட்டி கறி தோசைதான். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் ஆணி ஆணியாகத் தகர டோக்கன். 60 ரூபாய் கொடுத்தால் ஒன்று மாட்டுவார்கள். காசில்லாதவர் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துச் சாப்பிட்டுப் போகலாம், யாரும் பெயர் கேட்பதில்லை. ராமநாதபுரம், சிவகங்கையிலிருந்து நோயாளியோடு வந்து நாள்கணக்கில் வராந்தாவில் படுத்திருப்பவர்கள்தான் அதிகம் கழற்றுகிறார்கள்.

நான்கு பேர் இங்கே வயிறாரச் சாப்பிட்டாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது. மிச்சம் 600-க்குப் பத்து டோக்கன். அதே 1,600 ரூபாய் மாலில் இருபது, பைபாஸில் நூற்றறுபது, இங்கே அறுநூறு. கணக்குப்படி மூன்றாவதுக்குத்தான் வெற்றி. ஆனால் அந்த மிச்சத்தை நாமாக எடுத்து மாட்ட வேண்டும். வயிறு நிறைந்து பைக் சாவியைத் தேடும் நேரத்தில் பத்து டோக்கன் இரண்டாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன், இரண்டும் நல்ல மனசுக்காரர்கள் மாட்டியதுதான்.

இதற்கெல்லாம் அப்பால் ஒரு வழியும் நம் பக்கத்தில் உண்டு. வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் திண்டுக்கல் பிரியாணிக் கடை ஒன்று மொய் விருந்து வைத்தது. விலை கிடையாது, சாப்பிட்டுவிட்டு இலைக்கடியில் இஷ்டப்பட்டதை வைத்துவிட்டுப் போகலாம். உசிலம்பட்டிப் பக்கம் மொய் நோட்டுப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டாக்கோக் கடைக்காரர்கள் வருஷத்துக்கு ஒருநாள் செய்து பார்க்கலாம். அரவிந்த் கண் மருத்துவமனையும் இந்த ஊர்தான். 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கி, காசு கட்டுகிறவர் பணத்திலேயே கட்ட முடியாதவருக்கும் ஆபரேஷன் நடக்கும்படி செய்தார்கள். நிறுவிய டாக்டர் வெங்கடசாமி அந்த வேலை ஒழுங்குக்கு முன்மாதிரியாகச் சொன்னது மெக்டொனால்ட்ஸை. துரித உணவுக்காரர்கள் திரும்ப அவரிடமிருந்து கற்க நிறைய இருக்கிறது.

வரிவிலக்கு நினைப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நன்கொடைக்கான வரிவிலக்கு ரசீது (80ஜி என்று பழக்கத்தில் சொல்வது) காசு கொடுத்தவர் பெயரில் வர வேண்டும், பழைய வரி முறையில் இருக்க வேண்டும், ரொக்கமென்றால் 2,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. கடை வழியாகப் போகும் காசுக்கு ரசீது கடை பெயரில்தான். அது வேண்டுமென்றால் இல்லத்துக்கே நேராக அனுப்புங்கள்.

பிள்ளைகளோடு, மழை நாளில், மால்தான் போவீர்கள் என்றால் போங்கள், ரவுண்ட் பண்ணுவதற்கு முன் யாருக்கு என்று கேளுங்கள். மருத்துவமனைப் பக்கம் வேலையிருந்தால் மெஸ், டோக்கனுக்கான காசைச் சாப்பிட உட்காரும் முன்பே கொடுத்துவிடுங்கள். மற்றபடி என் ஓட்டு பைபாஸ் கடைக்கு. வியாழன் ஏழு மணிக்குள் போங்கள், எட்டரைக்கு மேல் சோள மாவு தீர்ந்து மைதாதான் மிஞ்சும்.