பழைய மேக்கை நாஸில் இணைக்க ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

மேக் ஓஎஸ் 9 ஓடும் பவர் மேக் ஜி4 இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் அச்சகக்காரர்களுக்கும் டிடிபி கடைக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். நாஸ் என்பது நெட்வொர்க்கில் இணைத்து எல்லாக் கணினிகளிலிருந்தும் கோப்புகளைப் போட்டு எடுக்கும் டிஸ்க் பெட்டி. யாராவது வந்து "இதை நாஸ் பாக்ஸோட கனெக்ட் பண்ணித் தர்றேன் சார், பழைய ஹார்ட் டிஸ்கை எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கறேன்" என்று சொன்னால், டிஸ்கை வாசல் தாண்ட விடாதீர்கள். எங்கள் திருவல்லிக்கேணி கடையில் நடந்ததைக் கீழே விவரமாகவே சொல்கிறேன்.

இன்னும் எதற்கு ஓஎஸ் 9 என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஸ்டீவ் ஜாப்ஸ் 2002-லேயே ஒரு சவப்பெட்டியை மேடையில் வைத்து அதற்குக் காரியம் செய்துவிட்டார். ஆனால் எங்கள் பழைய வேலைகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கின்றன. 2001-இல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பதிப்பு. மேக்கில் அது அடுத்து வந்த ஓஎஸ் எக்ஸுக்கு மாறவே இல்லை. அதற்குப் பின் வந்த இன்டிசைன், சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், உண்மைதான். திறந்து என்ன பயன்? யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு எழுத்து வரிசை வைத்திருந்தது. தமிழக அரசு டாம், டாப் என்று பொது வரிசையை அறிவித்ததே 1999-இல்தான். அந்தக் குறிப்பிட்ட எழுத்துரு இல்லாவிட்டால் "நிகழும் மங்களகரமான" என்பது ஆங்கில எழுத்துக்களும் குறியீடுகளும் கலந்த கூழாகத்தான் திரையில் வரும். கும்பாபிஷேக மலர், பள்ளி வெள்ளி விழா மலர், பத்திரிகை மாதிரிகள் என்று மறுபதிப்புக்கு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் அந்த மேக்கை விடவில்லை.

ஹார்ட் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்தது. அதில் இருப்பதையெல்லாம் ஒரு நாஸில் போட்டுவிட்டால் விண்டோஸ் கணினிகளிலிருந்தும் எடுக்கலாம், காப்புநகலாகவும் இருக்கும் என்று நினைத்தோம். நெட்வொர்க் வேலை செய்யும் ஒரு கடையில் விசாரித்தேன். வந்த தம்பி "மேக்தானே சார், எந்த மேக்கா இருந்தாலும் கனெக்ட் ஆகும்" என்றார். எஸ்டிமேட்டில் நாஸ், இரண்டு டிஸ்க் எல்லாம் போக, "லெகசி மேக் கனெக்டர் லைசென்ஸ், வருடத்துக்கு 6,500" என்று ஒரு வரி. அது என்ன என்று கேட்டேன். வெளிநாட்டு சாஃப்ட்வேர், அது இல்லாமல் பழைய மேக் பேசாது என்றார்.

முதலில் அவர் செய்தது நாஸில் எஸ்எம்பி 1-ஐ, அதாவது விண்டோஸ் கணினிகள் கோப்பு பகிரும் முறையின் பழைய பதிப்பை, இயக்கியது. பழைய இயந்திரம் என்றால் பழைய எஸ்எம்பி போதும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அது பொருந்தும். ஓஎஸ் 9-க்கு எஸ்எம்பியே தெரியாது. டேவ் என்று தனியாக ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டால்தான் அந்தக் காலத்தில் அது விண்டோஸ் சர்வரோடு பேசும். ஆக, பலன் எதுவும் இல்லாமல், 2017-இல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் புகுந்த அதே பழைய கதவு எங்கள் நெட்வொர்க்கில் திறந்து கிடந்தது. லினக்ஸில் எஸ்எம்பி பேசும் மென்பொருளான சாம்பா 2019-லிருந்தே எஸ்எம்பி 1-ஐத் தானாக இயக்குவதில்லை என்றால் காரணம் இல்லாமலா?

அடுத்து ஏஎஃப்பி, ஆப்பிளின் சொந்தக் கோப்புப் பகிர்வு முறை. இதுதான் சரியான வழி. ஆப்பிள் மெனுவில் சூசர், அதில் ஆப்பிள்ஷேர், "சர்வர் ஐபி அட்ரஸ்" பொத்தானை அழுத்தி முகவரி கொடுத்தால் நாஸ் மேசைத்திரையில் ஒரு டிஸ்க் போல வந்து உட்கார வேண்டும். எங்களுடையதில் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் மறுத்துவிட்டது. இப்போது அதன் காரணம் தெரியும். ஓஎஸ் 9-இல் உள்ள ஆப்பிள்ஷேர் டிஎச்எக்ஸ் என்ற முறையில் கடவுச்சொல்லை அனுப்பும். அந்த நாஸ் டிஎச்எக்ஸ்2-ஐ மட்டும் ஏற்கும்படி இருந்தது. அது ஓஎஸ் எக்ஸ் 10.2-இல்தான் வந்தது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் தீர்ந்திருக்கும். தம்பி மதியம் வரை முட்டிப் பார்த்துவிட்டு எஃப்டிபி என்ற பழைய கோப்பு அனுப்பும் முறைக்குப் போய்விட்டார்.

இதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். அன்று நான் கடையில் இல்லை. எங்களிடம் பல வருடமாகக் கம்போஸிங் செய்யும் அக்கா மட்டும் இருந்தார். தம்பி எஃப்டிபி வழியாக எல்லா ஃபோல்டர்களையும் நாஸுக்கு அனுப்பிவிட்டு, பழைய டிஸ்கைக் கழற்றி, ஒரு மாற்றி வைத்து எஸ்எஸ்டி போட்டு, ஓஎஸ் 9-ஐயும் பேஜ்மேக்கரையும் எங்கள் சிடிக்களிலிருந்து புதிதாக நிறுவி, டேட்டாவை நாஸிலிருந்து திருப்பி இறக்கியிருக்கிறார். "டிஸ்க் எங்கே தம்பி?" என்று அக்கா கேட்டதற்கு, "எக்ஸ்சேஞ்ச் அக்கா, பில்லுல 500 குறைச்சிருக்கேன், சாருக்குத் தெரியும்" என்று பதில். எனக்கு எதுவும் தெரியாது. எஸ்டிமேட்டில் எஸ்எஸ்டியும் இல்லை, எக்ஸ்சேஞ்சும் இல்லை.

மறுநாள் அக்கா ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைத் திறக்கப் போனார். கோப்புகள் எல்லாம் வெள்ளைப் படத்தோடு நின்றன. இருமுறை அழுத்தினால், இதை உருவாக்கிய மென்பொருளைக் காணவில்லை என்று செய்தி. ஒருவழியாகத் திறந்தால் எழுத்துரு இல்லை, மாற்று எது வேண்டும் என்று பேஜ்மேக்கர் பட்டியல் நீட்டியது. எழுத்துரு ஃபோல்டரைப் பார்த்தோம். பெயர்கள் அத்தனையும் இருந்தன. அளவு ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் கேபி. உறை வந்தது, கடிதம் வரவில்லை.

பழைய மேக்கில் ஒரு கோப்புக்கு இரண்டு பகுதிகள் உண்டு: டேட்டா ஃபோர்க், ரிசோர்ஸ் ஃபோர்க். பேஜ்மேக்கர் ஆவணத்தின் உள்ளடக்கம் முதலாவதில் இருக்கும். அதனால் அது தப்பித்தது. மேக்கின் போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருவோ, திரைக்கான சூட்கேஸ், அச்சுக்கான கோப்பு இரண்டுமே முழுக்க ரிசோர்ஸ் ஃபோர்க்கில்தான் இருக்கும். டேட்டா ஃபோர்க் காலி. எஃப்டிபியில் சாதாரண பைனரியாக அனுப்பினால் டேட்டா ஃபோர்க் மட்டும் போகும். ரிசோர்ஸ் பகுதியும், எந்த மென்பொருளுடைய கோப்பு என்று சொல்லும் டைப், கிரியேட்டர் குறியீடுகளும் அங்கேயே நின்றுவிடும். இபிஎஸ் படங்களின் முன்தோற்றமும் அப்படித்தான் காணாமல் போயிற்று. இரண்டு பகுதிகளையும் ஒரே கோப்பாக்கும் மேக்பைனரியாகச் சுற்றியோ ஸ்டஃப்இட்டில் கட்டியோ அனுப்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இன்னொரு கூத்து: ஓஎஸ் 9-இல் கோப்புப் பெயரில் சாய்கோடு போடலாம். அக்கா முகூர்த்தத் தேதியை 14/9 என்றுதான் பெயரில் வைப்பார். மற்ற கணினிகளுக்கு அது ஃபோல்டர் பிரிக்கும் குறி. அப்படிப் பெயர் வைத்தவற்றில் பாதி நாஸுக்குப் போகவே இல்லை.

கடைக்கு ஃபோன் போட்டேன். முதலில் "உங்க ஃபாண்ட்ல வைரஸ் சார்". அப்புறம் டிஸ்க் ஸ்க்ராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். நான் லெட்டர்பேடில் எழுதி, ரசீது நகலோடு பதிவுத் தபாலில் அனுப்பியதும் டிஸ்க் திடீரென்று "எங்க லேப்லதான் இருக்கு" என்று ஆனது. ரெக்கவரி செய்துதர 28,000 கேட்டார்கள். எங்கள் டிஸ்கைக் கேட்காமல் கழற்றி எடுத்துப் போய், அதில் இருந்ததை எங்களுக்கே விற்கப் பார்த்தார்கள். பணம் தர மறுத்துவிட்டேன். கடைசியில் டிஸ்க் திரும்பி வந்தது, விண்டோஸில் ஃபார்மேட் செய்யப்பட்டு. இப்போது வேறு ஒரு ரெக்கவரிக்காரரிடம் இருக்கிறது. மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் அட்டவணை சிதைந்திருப்பதால் எவ்வளவு மீளும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த நேர்மையே எனக்குப் போதும்.

எழுத்துருக்களில் ஒரு பகுதி வேறு வழியில் கிடைத்தது. அக்கா முன்பு ஸ்டஃப்இட்டில் கட்டி சிடியில் எழுதி வைத்திருந்தார். அந்தக் கட்டுக்குள் இரண்டு ஃபோர்க்கும் பத்திரமாக இருந்தன. மதுரையில் தெரிந்த அச்சகத்தார் ஒருவரிடமும் சில இருந்தன. பத்திரிகைத் தலைப்புக்கு வைக்கும் வளைவெழுத்து ஒன்று மட்டும் இன்னும் சிக்கவில்லை.

அந்த லைசென்ஸுக்கு வருகிறேன். உறவில் லினக்ஸ் தெரிந்த பையன் ஒருவன் வந்து நாஸைப் பார்த்தான். கூடுதல் மென்பொருள் எதுவும் இல்லை. 6,500 ரூபாய்க்கு அவர்கள் செய்தது, பெட்டியோடு இலவசமாக வரும் எஃப்டிபி சர்வரை ஒரு டிக் போட்டு இயக்கியது. போதாததற்கு ரிமோட் சப்போர்ட் என்று ரவுட்டரிலும் அதற்கு வெளியிலிருந்து வழி விட்டிருந்தார்கள். எஃப்டிபியில் கடவுச்சொல் மறைக்காமல் அப்படியே போகும். அன்றே அடைத்தோம். நீங்களும் உங்கள் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

உண்மையில் இதற்கு இருப்பது நெட்டாடாக், லினக்ஸ் பெட்டியை ஏஎஃப்பி பேச வைக்கும் மென்பொருள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமத்தில் வருவது, சந்தா கிடையாது. பையன் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் அதைப் போட்டு டிஎச்எக்ஸை இயக்கினான். ஜி4 முதல் முயற்சியிலேயே உள்ளே போயிற்று. ஓஎஸ் 9 இன்றைய நெட்வொர்க்குகளின் டிசிபி வழியாகவே பேசும் என்பதால் எந்தப் பதிப்பும் பரவாயில்லை. ஆப்பிள்டாக் என்ற பழைய நெட்வொர்க் முறை மட்டுமே தெரிந்த இன்னும் பழைய மேக் என்றால் பதிப்பைப் பார்க்க வேண்டும்: 2012-இல் வந்த 3.0-இல் அதை எடுத்துவிட்டார்கள், 2024-இல் 4.0-இல் திரும்பச் சேர்த்தார்கள். பகிரும் டிஸ்கின் அளவை 2 டிபிக்குக் கீழே காட்டும்படி வைக்க வேண்டும், கோப்புகளைக் காட்டும் பழைய ஃபைண்டருக்கு அதற்கு மேல் கணக்கு வராது. பெயர்கள் 31 எழுத்துக்குள். லினக்ஸில் நெட்டாடாக் ரிசோர்ஸ் பகுதியைப் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் தனிக் கோப்பில் வைக்கிறது. விண்டோஸிலிருந்து பார்க்கிறவர் அதைக் குப்பை என்று அழித்துவிடுவார். எங்கள் கடையில் அந்தப் பகிர்வை விண்டோஸ் பக்கம் படிக்க மட்டும் விட்டிருக்கிறோம்.

யாரை வைத்துச் செய்தாலும் பணம் கொடுக்கும் முன் இதைக் கேளுங்கள்: ஒரு எழுத்துரு சூட்கேஸை நாஸுக்கு அனுப்பி, திருப்பி வேறு ஃபோல்டரில் இறக்கி, இருமுறை அழுத்தித் திறந்து காட்டச் சொல்லுங்கள். எழுத்து தெரிந்தால் இரண்டு ஃபோர்க்கும் போய் வருகின்றன. இது செய்ய மறுத்தால் ஆளை அனுப்பிவிடலாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். வணிகத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு தட்டிக்கழிக்கப் பார்க்கும். ஆனால் சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் நடத்துகிறவரை 2019 சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எஸ்டிமேட், ரசீது, பதிவுத் தபால் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

போன வாரம் அந்தக் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "சார், லெகசி மேக் லைசென்ஸ் ரின்யூவல் டியூ." ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு சேர்த்திருக்கிறேன்.