என்100 மினி பிசி: 6 வாட் என்பது எதுவரை உண்மை?

நாள் முழுக்க அணையாமல் ஓடும் வீட்டுக் கணினிக்கு இன்டெல் என்100 பிராசசர் தாராளமாகப் போதும். இரண்டு வருடங்களுக்கு மேலாக ஒரு மினி பிசியில் இதை ஓட்டிவருகிறேன். வீட்டில் ஐ5-8500டி போட்ட ஒரு பழைய அலுவலக மினி பிசியும், ஐ5-12400 போட்ட வழக்கமான டெஸ்க்டாப்பும் இருப்பதால், மூன்றையும், சுவரிலிருந்து இழுக்கும் வாட்டைக் காட்டும் ஒரே பிளக் மீட்டரில் மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்க முடிந்தது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் ஒன்று, சுவரிலிருந்து இழுக்கும் வாட் வேறொன்று.

என்100 வந்தது 2023 தொடக்கத்தில். நான்கு கோர்கள், நான்குமே சின்ன இ-கோர்கள், அதாவது மின்சிக்கனக் கோர்கள். உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், மெமரிக்கு ஒரே ஒரு சேனல். டிடிபி, அதாவது சிப்பின் வெப்பத்துக்கு இன்டெல் குறிக்கும் அளவு, 6 வாட். ஆனால் மினி பிசி தயாரிப்பவர்களில் பலர் பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) பிஎல்1 என்ற நீடித்த மின் வரம்பை 10, 15 என்று ஏற்றி வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அதனால் நான்கு கோர்களும் முழு மூச்சில் ஓடும்போது என் மீட்டர் 20 வாட்டைத் தாண்டிவிடும். இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். 6 வாட்டிலேயே கட்டிப்போட்டால் விண்டோஸ் அப்டேட் ஓடும் நேரத்தில் மவுஸ் திக்கித் திக்கி நகர்வது கண்ணுக்குத் தெரியும். நான் 10-இல் வைத்திருக்கிறேன். வேகம் குறைந்ததாகத் தோன்றவில்லை, ஃபேன் சத்தம் மட்டும் நன்றாகக் குறைந்தது.

சும்மா இருக்கும்போது என்100 பெட்டி சுவரிலிருந்து இழுப்பது ஏழெட்டு வாட். ஐ5-8500டி பெட்டி பத்து வாட்டை ஒட்டி நிற்கும். 12400 டெஸ்க்டாப் முப்பதுக்குப் பக்கம். இதைப் பார்த்து 12400 மின்சாரம் தின்னும் சிப் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வேலை இல்லாதபோது அந்த சிப்பும் ஓரிரு வாட்டில் அடங்கிவிடும். மிச்சத்தைச் சாப்பிடுவது பெரிய மதர்போர்டு, ஃபேன்கள், குறைந்த சுமையில் திறன் இழக்கும் 450 வாட் பவர் சப்ளை எல்லாம் சேர்ந்துதான். மினி பிசிகளுக்கு லேப்டாப் மாதிரி வெளியே ஓர் அடாப்டர், உள்ளே கையளவு போர்டு. சிக்கனத்தில் பாதி அங்கேதான் கிடைக்கிறது.

இது இன்றைய கதை இல்லை. 2008-இல் இன்டெல் ஆட்டம் 230 வந்தபோது அதன் டிடிபி வெறும் 4 வாட். மெமரி, கிராபிக்ஸ் வேலைகளைப் பார்க்க அதோடு வந்த 945ஜிசி சிப்செட் என்ற துணைச் சிப்புக்கோ 22 வாட். இன்டெலின் சொந்த போர்டிலேயே பிராசசர் மேல் ஃபேன் இல்லாத ஹீட்சிங்க், சிப்செட் மேல் ஃபேன்! என்100-இல் அந்த வேலைகளும் ஒரே பொதிக்குள் அடங்கிவிட்டதால் அந்தக் கூத்து இல்லை.

'டி' என்று முடியும் 35 வாட் சிப்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை ரிச்சி தெருவில் பழைய அலுவலக மினி பிசி கேட்டால் பெரும்பாலும் இவைதான் கையில் வரும். 'டி' இருந்தால் மின்சாரம் எப்போதும் குறைவு என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் சும்மா இருக்கும்போது ஐ5-8500-க்கும் 8500டி-க்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. சிப் ஒன்றுதான், ஏறக்கூடிய உச்சத்துக்குத்தான் கடிவாளம். சின்னப் பெட்டிக்குள் சூடு அடங்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது.

வேகம்? 2015-இல் வந்த 65 வாட் ஐ5-6500-ஐ நான்கு கோர் வேலையில் என்100 கிட்டத்தட்ட எட்டிப்பிடிக்கிறது. பிரௌசரில் பத்துப் பன்னிரண்டு டேப், எக்செல், டேலி, வீடியோ கால் எல்லாம் தடங்கலில்லை. யூடியூப் 4கே வீடியோவை அலட்டாமல் ஓட்டுகிறது, ஏனென்றால் யூடியூப் பயன்படுத்தும் ஏவி1 என்ற வீடியோ வடிவத்தைப் பிரித்துக் காட்டும் டிகோடர் வன்பொருளிலேயே இருக்கிறது. 8500டி-யில் அது இல்லை, அதே வீடியோவுக்கு அங்கே கோர்கள் வியர்க்கின்றன. புதிய சின்ன சிப் பழைய பெரிய சிப்பைத் தெளிவாக முந்தும் இடம் இது. வீட்டு வீடியோக்களை டிவி, போனுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் சர்வராகவும் இதனால்தான் நன்றாகப் போகிறது.

திணறும் இடங்களும் உண்டு. கேமராவின் சுருக்கப்படாத ரா புகைப்படங்களை லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் திறந்தால் பொறுமை போய்விடும். வீடியோ எடிட்டிங் பக்கம் போகவே வேண்டாம். கோர்களை மட்டும் நம்பி ஒரே வீடியோவை இரண்டிலும் என்கோட் செய்து (வேறு வடிவத்துக்கு மாற்றி) பார்த்தேன். 12400 ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நேரத்தில் முடித்தது. அதுவரை நூறு வாட் அளவுக்கு இழுத்தது, என்100 நான்கு மடங்கு நேரம் இருபத்துச் சொச்சம் வாட்டில் ஓடியது. ஆக, செலவான யூனிட் கிட்டத்தட்ட சமம். கனமான வேலைக்குக் குறைந்த வாட் சிப் வாங்கினால் மின்சாரம் மிச்சமாகாது, நேரம்தான் போகும்.

சரி, கரண்ட் பில்லில் எவ்வளவு குறையும்? 24 மணி நேரமும் ஓடும் கணினியில் ஒரு வாட் குறைத்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 1.44 யூனிட். டெஸ்க்டாப்புக்குப் பதில் மினி பிசியை நாள் முழுக்க ஓட்டினால் இருபது வாட் மிச்சம் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 29 யூனிட். தனியாகப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கணக்கில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101-ஆவது யூனிட்டிலிருந்தே விகிதம் மாறும். அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு இந்த 29 யூனிட் பெரிய விஷயம். தினம் இரண்டு மணி நேரம் மட்டும் கணினியைப் போடுகிறவர் இந்தக் கணக்கையே போட வேண்டாம். அவருக்கு மானிட்டரின் வெளிச்சத்தைக் குறைப்பதே நல்ல சேமிப்பு. என் மானிட்டர் கணினியைவிட அதிகம் இழுக்கிறது.

எனக்கு உண்மையான லாபம் மின்தடை நாட்களில்தான். மினி பிசி, மானிட்டர், ரூட்டர் மூன்றும் சேர்ந்து நாற்பது வாட்டுக்குள் அடங்குவதால் இன்வர்ட்டரில் கவலையில்லாமல் வேலை நடக்கிறது. முன்பு டெஸ்க்டாப்பை முதலில் அணைத்துவிட்டுத்தான் ஃபேனைப் பற்றி யோசிப்போம்.

வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். மெமரி ஒரே ஸ்லாட்தான், சில மாடல்களில் போர்டிலேயே ஒட்டியிருக்கும், எனவே 8 ஜிபி வாங்கிவிட்டு அப்புறம் வருந்தாதீர்கள், 16 எடுங்கள். பெயர் தெரியாத நிறுவனங்களின் பெட்டிகளுக்குப் பயாஸ் அப்டேட் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். என்னுடையதற்கு இதுவரை ஒன்றுகூட வரவில்லை. கூட வந்த அடாப்டரும் ஒரு கோடையிலேயே போய்விட்டது, அதே 12 வோல்ட்டில் வேறொன்று வாங்கிப் போட்டேன்.

இப்போது கடைகளில் என்150 வந்துவிட்டது. அதே வகைக் கோர்கள், உச்ச வேகம் 3.6. புதிதாக வாங்குகிறவர் விலை ஒன்றாக இருந்தால் அதையே எடுக்கலாம். என்100 வைத்திருப்பவர் மாற்ற வேண்டியதில்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல எஸ்எஸ்டி வாங்கிப் போடலாம்.