கபடிக் குழுவுக்குப் பணம்: புரவலரா, புள்ளியா?

காரைக்குடிப் பக்கம் கபடிக் குழு நடத்துகிறவர்களுக்கு ஆட்டத்தைவிட வசூல்தான் பெரிய கவலை. எங்கள் குழுவுக்கு மூன்று வழிகள் இருந்தன: போட்டிக்குப் புரவலர் பிடிப்பது, ஜெர்சி விற்பது, ரசிகர்களிடம் ஆண்டுச் சந்தா வாங்குவது. சந்தாவைத் தேர்ந்தெடுத்தோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

டிக்கெட் பேச்சே வேண்டாம். கோயில் திடல் ஆட்டத்துக்கு யாரும் காசு கொடுத்து வரமாட்டார்கள். குலுக்கல் சீட்டு அச்சடிக்கலாமே என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை.

புரவலர் வழியில் பணம் மொத்தமாக வரும். முதல் பரிசு ஒருவர், கோப்பை ஒருவர், சாப்பாடு ஒருவர் என்று நோட்டீசில் பெயர் ஏறினால் போட்டி நடந்துவிடும். ஆனால் அந்தப் பணம் போட்டியோடு தீர்ந்துவிடும். பெரும்பகுதி பரிசாக வெளியூர் அணிக்கே போவதும் உண்டு. நடுவில் மைக்கில் ஓர் அறிவிப்பு வரும்: "இந்த ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டு வந்தால் ஐந்நூறு ரூபாய்!" கூட்டம் எழுந்து கத்தும். தொட்டு வந்த பையன் கையில் நோட்டு, நியாயம்தான். குழுக் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறாது. போட்டியே இல்லாத ஐப்பசி மழையில் முழங்கால் பட்டை வாங்க யாரிடம் போவது?

ஜெர்சியைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு முறைதான் அச்சடித்தோம். சிறுவர் அளவு பற்றவில்லை, பெரிய அளவு மூட்டையாக மிஞ்சியது. முன்பதிவு வாங்கிக்கொண்டு செய்தால் வேறு மாதிரி அமையலாம்.

சந்தாவுக்கு வருகிறேன். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில்களில் தம்பதிக்கு ஒரு புள்ளி என்று கணக்கிட்டு வரி வாங்குவது இங்கே எல்லாருக்கும் தெரிந்த முறை. அதையே கடன் வாங்கினோம்: எந்தச் சமூகமானாலும் வீட்டுக்கு ஒரு புள்ளி, ஆண்டுக்கு 500 ரூபாய். கூடுதலாகக் கொடுத்தாலும் அதே ஒரு புள்ளிதான். எந்தப் பையனை ஆட வைப்பது என்று கட்டளையிட இதனால் யாருக்கும் வாய்ப்பில்லை.

முதல் ஆண்டு 500 ரூபாய் வாங்குவது பெரிய காரியமே இல்லை. ஊர்ப் பாசத்துக்கே கொடுத்துவிடுவார்கள். இரண்டாம் ஆண்டும் கொடுப்பார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குக் கணக்கு கண்ணில் பட வேண்டும். ஞாயிறுதோறும் வாட்ஸாப்பில் பில்லின் படத்தைப் போடுகிறோம். புதுப் பட்டை வாங்கினால், பஞ்சு பிதுங்கிய பழைய பட்டையின் படமும் கூடவே போகும். "ஐஸ் கட்டிக்கு இவ்வளவா?" என்று ஓர் ஆச்சி குடைந்தெடுத்தார். பொருளாளருக்கு எரிச்சல். ஆனால் கேள்வி கேட்கிறவர்கள் விட்டுப் போவதில்லை. வாயே திறக்காதவர்களிடம்தான் நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. எந்த ஊர்ப் போட்டிக்குப் போவது என்பதில் புள்ளிக்காரர்களின் கருத்தைக் கேட்கத் தொடங்கியதும் அந்த நடையும் குறைந்தது. சலிக்காமல் கணக்கெழுத ஓர் ஆள் இல்லாத குழு புரவலரையே நம்பலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. இந்தியப் பாஸ்போர்ட்டுடன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தருவது, அவர் தேவகோட்டையிலேயே பிறந்திருந்தாலும், 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் குழு அதை வாங்கக்கூடாது. அவர்களிடம் நாங்கள் சந்தா கேட்பதில்லை. ஆட்டத்தின் வீடியோவை மட்டும் அனுப்பிவைக்கிறோம்.